மேஸ்திரி கணக்கு

மேற்கு வங்கத்தின் காரக்பூரிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு விரைவு ரயில் கிளம்புகிறது. அது வந்து நிற்கும் கடைசி ஊர் விழுப்புரம். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய போர்வை, செல்போனில் ஒரு மேஸ்திரியின் நம்பர். இறங்குகிறவர்களில் பலரிடம் இருப்பது இவ்வளவுதான். சிலர் புதுச்சேரிக்கும் திருப்பூருக்கும் வண்டி மாறுகிறார்கள். சிலர் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

விக்கிரவாண்டி நெடுஞ்சாலை ஓட்டல்களில் பரோட்டா கல் முன்னால் நிற்பவர்கள், திண்டிவனம் பக்கத்தில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுபவர்கள், நாற்று நடும் பருவத்தில் வயலில் வரிசை கட்டி நிற்பவர்கள் என்று எங்கும் இந்த முகங்கள். வங்காளி, ஒடியா, போஜ்புரி என்று ஆளுக்கொரு மொழி பேசினாலும் ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ‘இந்திக்காரப் பசங்க’.

அவர்களைப் பற்றிய பேச்சும் எங்கும் இருக்கிறது. “இவனுங்க வந்துதான் நம்ம பிள்ளைங்களுக்கு வேலை இல்லாம போச்சு” என்பார் ஒருவர். “நம்ம பிள்ளைங்க வந்தா நான் ஏன்யா அவங்களைக் கூப்பிடப் போறேன்?” என்பார் இன்னொருவர். டீ ஆறிப் போனாலும் வாதம் ஆறாது. தமிழ்நாட்டு வேலை தமிழருக்கே என்று ஒரு பக்கம், யாதும் ஊரே என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்தச் சண்டை முடியாமல் நீள்கிறது.

ஒரு கோஷம், மூன்று கோபம்

உற்றுக் கேட்டால், இந்த ஒரே கோஷத்துக்குள் மூன்று வேறு வேறு கோபங்கள் இருக்கின்றன.

முதல் கோபம், பட்டம் வாங்கிய இளைஞருடையது. உயர்கல்வியில் சேருகிறவர்களின் விகிதம் 2021-22 கணக்குப்படி நாட்டில் 28 சதவிகிதம். தமிழ்நாட்டில் 47 சதவிகிதம். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த திண்டிவனத்துப் பிள்ளை சித்தாள் வேலைக்குப் போகப் போவதில்லை. கம்பி கட்ட வந்த ஒடிசா இளைஞர் அவருடைய வேலையை எடுக்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது, படிப்புக்கு ஏற்ற வேலை உள்ளூரில் வேண்டும் என்பது. சிப்காட் வரும், ஐ.டி. பூங்கா வரும் என்று காத்திருந்து, கடைசியில் ஒரகடத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறவர் அவர்.

இரண்டாவது கோபம், மத்திய அரசு வேலைகளைப் பற்றியது. ரயில்வேயிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் தேர்வு எழுதி வருகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர் எண்ணிக்கை குறைகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2019 மே மாதம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை முன்னால் இதற்காகப் போராட்டமே நடந்தது. பக்கத்து மாவட்டத்து நெய்வேலியில், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுக் காத்திருப்பதும் இதே வகைதான். இது கூலிச் சண்டை அல்ல, பங்குச் சண்டை.

மூன்றாவது கோபம்தான் நேரடியானது. அது உள்ளூர்க் கொத்தனாருடையது, சித்தாளாகப் போகும் பெண்களுடையது, நடவுக் கூலி வாங்கும் பெண்களுடையது. வெளியூர் ஆள் கூலி குறைத்துக் கேட்டாலும், கூடுதல் நேரம் உழைத்தாலும், வேலை இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கினாலும் அடி விழுவது இவர்களுக்கு. மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் நடவை ஒப்பந்தம் எடுத்து முடித்துக்கொடுக்கிறார்கள். விவசாயிக்கு நிம்மதி. அந்த வயலில் பரம்பரையாக நாற்று நட்ட பெண்ணுக்கு அந்தப் பருவத்தின் வருமானம் போகிறது. அவரிடம் போய் யாதும் ஊரே என்று சொன்னால் அடுப்பு எரியாது.

மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ‘வடக்கன் வெளியேறு’ என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஒரு மருந்து மூன்று நோய்க்கும் கேட்குமா? இதற்கு ஒரு தேசமே பரீட்சை எழுதிப் பார்த்திருக்கிறது.

பாஸ்டன் என்ற காய்கறி ஊர்

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு சிறிய ஊர். சுற்றிலும் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு வயல்கள். 2004-இல் போலந்து, லித்துவேனியா உள்ளிட்ட 10 நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், அங்கிருந்து ஆட்கள் இந்த வயல்களுக்கு வந்து குவிந்தார்கள். கடைவீதியில் போலிஷ் பலசரக்குக் கடைகள் முளைத்தன. வாடகை ஏறியது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் கூட்டம் கூடியது. “எங்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள்” என்ற பேச்சு அங்கேயும் எழுந்தது.

2016 ஜூன் 23-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று பிரிட்டன் மக்களிடம் கேட்கப்பட்டது. நாடு முழுக்க 51.9 சதவிகிதம் பேர் விலகலாம் என்றார்கள். பாஸ்டனில் 75.6 சதவிகிதம். நாட்டிலேயே அதிகம்.

2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. பிறகு என்ன நடந்தது? ஐரோப்பியர் வரத்து குறைந்தது உண்மை. 2021-இல் லாரி ஓட்ட ஆள் இல்லாமல் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. பறிக்க ஆளில்லாமல் காய்கறி வயலிலேயே கிடந்தது. முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளுக்கு விசா கதவு திறந்தது. வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் மிஞ்சும் எண்ணிக்கை, வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தது. 2023-இல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பாஸ்போர்ட்டின் நிறம்தான் மாறியது.

அங்கே அரசு நியமித்த குடியேற்ற ஆலோசனைக் குழு 2018-இல் ஓர் அறிக்கை தந்தது. ஐரோப்பியர் வரவால் உள்ளூர்க்காரர்களின் வேலைவாய்ப்பு மொத்தத்தில் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றது அது. கூடவே, குறைந்த கூலி வேலைகளில் சம்பளம் சற்றே அழுத்தப்பட்டிருக்கலாம் என்ற சான்றையும் மறைக்கவில்லை. பாஸ்டன் தொழிலாளியின் வயிற்றெரிச்சல் முழுக்கக் கற்பனை இல்லை. அவர் தேர்ந்தெடுத்த மருந்துதான் வேலை செய்யவில்லை.

ரங்கூன் துறைமுகத்தில் ஒரு காலை

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு காலத்தில் ‘வந்தேறி’ என்ற பெயரைத் தமிழரும் தெலுங்கரும்தான் சுமந்தார்கள்.

மூன்று போர்களில் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர், அதை இந்தியாவோடு ஒரு மாகாணமாகச் சேர்த்துவிட்டார்கள். எல்லை இல்லை, விசா இல்லை. சென்னையிலும் தெலுங்குக் கடற்கரையிலும் கப்பல் ஏறினால் ரங்கூன். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் 10 லட்சம் இந்தியர்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் தொழிலாளர்கள். அவர்களைச் சேர்த்து, தங்கவைத்து, கூலியில் ஒரு பங்கு பிடித்துக்கொண்டவரின் பெயர் அங்கேயும் ‘மேஸ்திரி’தான். 1930 மே மாதம் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியரை அழைத்து வேலையில் வைத்தன. இந்தியர்களோடு சமரசம் ஏற்பட்டதும், அதே பர்மியரை “போய் வா” என்று அனுப்பின. காலையில் வேலைக்கு வந்து ஏமாந்து நின்றவர்களுக்கும் வேலைக்குத் திரும்பியவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் கூலிக்காரர்கள். விளையாடிய கம்பெனிகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

இந்தியாவிலிருந்து பிரியலாமா என்ற விவாதம் சூடுபிடித்தது. விசித்திரம் என்னவென்றால், 1932 தேர்தலில் பிரிவினை வேண்டாம் என்ற பக்கம்தான் அதிக இடங்களில் ஜெயித்தது. பிரிந்தால் இந்தியாவுக்குக் கிடைக்கும் அரசியல் உரிமைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போகுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஆனாலும் லண்டன் தன் முடிவை எடுத்தது. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா தனியாகப் பிரிந்தது.

பிரிந்த மறு வருடமே, 1938-இல், இந்தியர்களுக்கு எதிராக மீண்டும் பெரிய கலவரம். அதன் பிறகு ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற அதிகாரி இந்தியக் குடியேற்றத்தை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, இந்தியத் தொழிலாளர் பர்மியர் வேலையைப் பறித்ததைவிட அதற்குத் துணையாக இருந்ததே அதிகம் என்றது. அந்த நிதானமான வரியைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காடு மலை வழியாக நடந்தே இந்தியா திரும்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு இன்னொரு அலை. சென்னை பர்மா பஜாரும், தட்டுக்கடை அத்தோவும் அந்த அலை கொண்டுவந்தவை.

இந்தியர் போன பிறகு பர்மா கூலிக்காரரின் வாழ்க்கை செழித்ததா? உலகுக்கே அரிசி அனுப்பிய அந்த நாட்டின் இளைஞர்கள் இன்று தாய்லாந்துத் தொழிற்சாலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் கூலி வேலை செய்கிறார்கள். அங்கே ‘வந்தேறி’ என்ற பெயர் இப்போது அவர்களுக்கு.

தெற்கு தேய்ந்த காலம்

பிரிவது பற்றிய பேச்சு தமிழ்நாட்டுக்கும் தெரியும். 1962 மே 1-இல் மாநிலங்களவையில் எழுந்த அண்ணா, திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். அந்தக் கோரிக்கையின் அடியில் இருந்ததும் வேலையும் தொழிலும்தான். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்பது அன்றைய மேடை முழக்கம். அந்த ஆண்டே சீனப் போர் வந்தது. பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்கத் தடையாக 1963-இல் 16-வது அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கை போனாலும் அதற்கான காரணங்கள் இருக்கின்றன என்று சொல்லி, அண்ணா மாநில உரிமையின் பக்கம் திரும்பினார்.

ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே 1971-இல் சிப்காட் தொடங்கப்பட்டது. இன்று இந்தியாவிலேயே தொழிற்சாலை எண்ணிக்கை அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. தெற்கு தேய்ந்த காலத்து முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வடக்கத்திப் பையன் வேலை தேடி வந்து இறங்குவதைப் பார்க்கிறார்கள். வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருவது அந்த இடம் வளர்ந்ததன் அடையாளமும்கூட.

விழுப்புரத்துக்கு வேலைப் பங்கு என்பது வெறும் பேச்சும் அல்ல. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய இடஒதுக்கீட்டுச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகித இடஒதுக்கீடு பிறந்தது. அந்த 21 பேருக்கான மணிமண்டபம் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் திறக்கப்பட்டது. வேலையில் பங்கு கேட்டு உயிர் கொடுத்த மண்ணிடம், ‘யார் வந்தால் உனக்கென்ன?’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சட்டம் போட்டால் தீருமா?

தனியார் வேலையில் 75 சதவிகிதம் உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் போட்டால் என்ன? ஆந்திரா 2019-இல் போட்டது. ஹரியானாவும் மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான வேலைகளுக்குப் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியக் குடிமகன் நாட்டின் எந்த மூலையிலும் போய் வசிக்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை இப்படி ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையிலும் இந்த 75 சதவிகித வாக்குறுதி இருந்தது.

கர்நாடக மசோதா சட்டமாகியிருந்தால் யாருக்கு வலித்திருக்கும்? பெங்களூரில் வேலை பார்க்கும் விழுப்புரத்து, கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இதைத்தான் இந்த ஊர் அடிக்கடி மறந்துபோகிறது. விழுப்புரம் ஆள் வாங்கும் ஊர் மட்டுமல்ல, ஆள் அனுப்பும் ஊர். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியபோது, தொற்று எண்ணிக்கை சட்டென்று ஏறிய மாவட்டங்களில் விழுப்புரமும் கடலூரும் அரியலூரும் இருந்தன. காரணம், அந்தச் சந்தையில் மூட்டை தூக்கியவர்களில் பலர் இந்த மாவட்டங்களின் பிள்ளைகள். சொந்த ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்து சொந்தச் சனமே ஒதுங்கி நின்ற நாட்கள் அவை.

மும்பையிலும் அப்படித்தான். 1966-இல் சிவசேனா பிறந்தபோது அதன் முதல் இலக்கு, குமாஸ்தா வேலைகளில் இருந்த தென்னிந்தியர்கள். நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ் பட்டியல் போட்டு வெளியிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்து பயந்த குடும்பங்களுக்கும், 2023 மார்ச்சில் போலி வீடியோக்களைப் பார்த்து பயந்து திருப்பூரில் ரயில் ஏறிய பீகார் தொழிலாளிகளுக்கும் என்ன வித்தியாசம்? அப்போது பீகார் அரசு அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து விசாரித்துப் போனது. வதந்தி பரப்பியவர்கள் மீது தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது. அந்தச் சில நாட்களில் சத்தம் போட்டு ஆள் தேடியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள்தான்.

கூலியில்தான் சாவி

அப்படியானால் உள்ளூர்க் கொத்தனாரும் சித்தாளும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. கோபம் நியாயமானது, கதவு எண்தான் தவறு.

ஒரு கட்டட வேலையில் உள்ளூர் ஆளுக்கும் வெளியூர் ஆளுக்கும் ஒரே கூலி, ஒரே வேலை நேரம் என்றால், எதற்காக ஒரு மேஸ்திரி இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஆள் கொண்டுவர வேண்டும்? உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது மட்டும் கொண்டுவருவார். அந்த வரவால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது, வெளியூர் ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கலாம், ஓய்வில்லாமல் வேலை வாங்கலாம், அடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடலாம், கேட்க நாதியில்லை என்ற நிலையில்தான். பீகார் இளைஞரின் பலவீனம் விழுப்புரத்துக் கொத்தனாரின் கூலியை இழுத்துக் கீழே போடுகிறது.

இதற்குச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1979-லேயே மாநிலங்களுக்கு இடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆள் கொண்டுவரும் ஒப்பந்ததாரருக்கு உரிமம் வேண்டும் என்றது அது. அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அதில் இருந்தன. ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்த அந்தச் சட்டம், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்தபோது ‘ஐந்து பேர்’ என்பது ‘பத்து பேர்’ ஆனது. ஆறேழு பேரை வைத்து வீடு கட்டும் சின்ன மேஸ்திரிகள் வலையிலிருந்து நழுவ அது போதும்.

பிரிட்டனிலும் வயலுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் உண்டு. 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்க இறக்கிவிடப்பட்ட சீனத் தொழிலாளர்கள், கடல் ஏறியதில் குறைந்தது 21 பேர் மூழ்கிச் செத்தார்கள். அந்த ஆண்டே, உரிமம் இல்லாமல் வயலுக்கும் சிப்பி பொறுக்கவும் ஆள் சப்ளை செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது. ஒன்றியத்தை விட்டு விலகியதைவிட அந்தச் சட்டம் உழைப்பாளிக்கு நேரடியான கவசம்.

பட்டதாரி இளைஞருக்குத் தேவை வேறு. மாவட்டத்துக்கு வரும் தொழிற்பேட்டைகளில் எந்த எந்த வேலை, அதற்கு எந்தப் பயிற்சி என்பதை ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் முன்கூட்டியே அறிந்து தயார்செய்வது ஒரு வழி. மத்திய அரசுத் தேர்வுகளுக்குத் தாலுகா அளவில் பயிற்சி இன்னொரு வழி. நடவுப் பெண்களுக்கோ, குழுவாகச் சேர்ந்து தாங்களே ஒப்பந்தம் பேசவும் நடவு இயந்திரம் வாங்கவும் வங்கிக் கடன் வேண்டும். வெளியூர்க் குழுவின் பலம் அவர்கள் சேர்ந்து வருவதில்தான் இருக்கிறது. உள்ளூரிலும் மகளிர் குழுக்கள் இல்லாத கிராமம் இல்லை.

அடுத்த முறை ஊரில் ஒரு கட்டடம் எழும்பும்போது, ‘எத்தனை இந்திக்காரன் இருக்கான்?’ என்று எண்ணுவதற்கு முன் வேறு ஒரு கேள்வி கேட்கலாம். அவனுக்கும் உள்ளூர் ஆளுக்கும் நாள் கூலி ஒன்றுதானா? அந்தக் கேள்விக்கு மேஸ்திரி பதில் சொல்லத் தயங்கினால், வேலை எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.